பந்தல் விழுவதில்லை, பறக்கிறது!

(மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை)

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று பெரியவர்கள் சொன்னதை நாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறோம். அம்மி பறக்காது, வாஸ்தவம்தான். ஆனால் நூறு அம்மி எடையுள்ள ஒரு தகரப் பந்தல் பறக்கும். அது ஏன் பறக்கிறது, பறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும், காற்றும் மழையும் வரும் நேரத்தில் அதன் மேல் ஏறி வேலை செய்பவன் எப்போது இறங்க வேண்டும் என்பதைப் பற்றி நான் படித்ததையும் பார்த்ததையும் நண்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மூன்று வருடமாக நாம் படிப்பதெல்லாம் நிரந்தரக் கட்டடம். ஸ்லாப் பாரம் பீமுக்கு, பீம் பாரம் காலத்துக்கு, காலத்தின் பாரம் ஃபுட்டிங்குக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. எல்லாம் மேலிருந்து கீழே. மூன்று நாள் மட்டும் நிற்கப்போகிற கூரையை எப்படி நிறுத்துவது என்பது பற்றி நான் படித்த பாடங்களில் அதிகம் இல்லை. எங்கள் அப்பா இருபத்தைந்து வருடமாகப் பந்தல் போடுகிறவர். லீவு நாட்களில் கூடப்போய்க் கயிறு எடுத்துக் கொடுத்து, கிளாம்ப் முடுக்கி எனக்கும் கொஞ்சம் பழக்கம். அதனால் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தியபோது என் மனசு பந்தலைச் சுற்றியே வந்தது.

முன்பெல்லாம் பந்தல் என்றால் சவுக்குக் கம்பு, மூங்கில், தென்னங்கீற்று, கயிறு. கீற்றுக்குப் பெரிய எதிரி நெருப்பு. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் கும்பாபிஷேகத்துக்காகப் போட்டிருந்த யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 48 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 பிஞ்சுக் குழந்தைகள் போய்விட்டார்கள். பந்தல்களில் தீத்தடுப்புக்கென்றே ஐ.எஸ். 8758 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. கீற்றைக் கண்டால் பயம் வந்தது. தகரமும் தார்ப்பாயும் வந்தன. கம்பு போய்ச் சாரத்துக்குப் பயன்படும் ஜி.ஐ. பைப் வந்தது. நெருப்புக்கு இது நல்ல மாற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கம் ஒன்று நடந்தது. கீற்றில் ஆயிரம் சந்து. காற்று அடித்தால் பாதி அதற்குள் புகுந்து மேலே போய்விடும். மிஞ்சிப்போனால் பத்துக் கீற்று பிய்த்துக்கொண்டு போகும், கால் நிற்கும். தகரத்தில் காற்று நுழைய வழியே இல்லை. அது முழு பலத்தையும் வாங்கிக் காலுக்குக் கொடுக்கிறது.

சைக்கிளில் போகும்போது குடை மேலே மடங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பந்தலுக்கும் அதேதான். கூரைக்கு மேலே ஓடும் காற்று வேகம் கூடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கூரையை மேலே உறிஞ்சுகிறது. கூரைக்கு அடியில் புகுந்த காற்று, போக வழி இல்லையென்றால் கீழிருந்து மேலே தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன.

எவ்வளவு பலம்? இதற்குத்தான் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. நம் வகுப்பு நண்பர்கள் பயப்பட வேண்டாம், சூத்திரம் ஒரே வரிதான். காற்றின் வேகத்தை (மீட்டர்/விநாடி) அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது வர்க்கம். வேகம் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ. 72 கிலோமீட்டரில் 24 கிலோ.

டிசைனுக்கு எடுக்க வேண்டிய அடிப்படை வேகம் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்கு 50, திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர்/விநாடி. தற்காலிகக் கட்டுமானம் என்பதால் இதைக் குறைத்துக்கொள்ளத் தரவிதி அனுமதிக்கிறது. திருச்சிக்கு 0.71-ஆல் பெருக்கலாம். அப்படியும் 33 மீட்டர்/விநாடி, அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வருகிறது. அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ. மூன்று நாள் பந்தல்தானே என்று இதை அலட்சியம் பண்ணக் கூடாது. கோடை மழைக் காற்றுக்கு நம் பந்தல் மூன்று நாள் பந்தலா முப்பது வருடக் கட்டடமா என்று தெரியாது.

இப்போது ஒரு பந்தலை எடுத்துக்கொள்வோம். கால்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் 10 அடி. உள்வரிசையில் ஒரு காலுக்குப் பங்கு 100 சதுர அடி, 9.3 சதுர மீட்டர். தகரமும் பைப்பும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 10 கிலோ என்று வையுங்கள். பக்கமெல்லாம் திறந்த பந்தலானால், சரிவு குறைந்த கூரையில் அழுத்தத்தில் சுமார் பாதி மேல்நோக்கி இழுக்கும்: 34 கிலோ. சொந்த எடை 10 போக 24. ஒரு காலுக்கு 220 கிலோ. இதுவே பந்தலைச் சுற்றித் துணி கட்டி அடைத்துவிட்டால், அல்லது காற்று வெளியேறும் பக்கம் லாரியோ மேடையோ மறைத்தால், ஏறக்குறைய முழு அழுத்தமும் மேல்நோக்கி வரும். 68-இல் 10 போக 58. ஒரு காலுக்கு 540 கிலோ! ஓரங்களிலும் மூலைகளிலும் தகரத்தை உரிக்கும் பலம் இதைவிடவும் கூடுதல்.

இந்தக் கணக்கை ஒரு நாள் ராத்திரி அப்பாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பாரே தவிர வர்க்கம், நியூட்டன் எல்லாம் அவருக்குத் தெரியாது. 540 என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதாண்டா தம்பி, காத்து கிளம்புனா மொத வேலையா பக்கத் துணியை அத்து விடுவோம்" என்றார். கல்யாண வீட்டுக்காரர்களிடம் அதற்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அழகுக்குக் கட்டிய துணியை அவிழ்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்த ஒரு வேலையில் 540, 220 ஆகிவிடுகிறது. துணியை முடிச்சுப் போட்டு இறுக்காமல், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கில் கட்டுவது அவருடைய பழக்கம். அதன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அடுத்து முக்கியமான விஷயம். சாரத்துச் சாமான்கள் எல்லாமே பாரத்தைக் கீழே இறக்குவதற்காக உண்டானவை. ஒரு பைப்பின் மேல் இன்னொரு பைப்பை நிறுத்துகிறோம். உள்ளே ஒரு சிறு குழாய் செருகியிருக்கும். மேலிருந்து அழுத்தினால் யானை நின்றாலும் தாங்கும் போலிருக்கும். மேலே இழுத்தால்? உறையிலிருந்து கத்தி வருவது போல வந்துவிடும். குறுக்கே ஓட்டை வழியாகப் பின் அல்லது போல்ட் போட்டால்தான் அது இழுவிசையைத் தாங்கும். அடியில் இருக்கும் பேஸ் பிளேட்டும் அப்படியே. தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சாரத்தின் மேல் கூரை போடுகிறவன், முழுச் சட்டகத்தையும் மனசுக்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கவிழ்த்தால் எது கழன்று விழுமோ, அதுதான் காற்றில் முதலில் போகும். தகரம் வாரிப் பைப்பைப் பிடித்திருக்கிறதா, வாரிப் பைப் குறுக்குப் பைப்பை, குறுக்குப் பைப் காலை, மேல்கால் கீழ்க்காலை, கீழ்க்கால் மண்ணை? ஐந்து கண்ணி. இதில் நான்கு இரும்பாக இருந்து ஒன்று கட்டுக்கம்பியாக இருந்தால் பந்தலின் பலம் கட்டுக்கம்பியின் பலம்தான். தகரத்தைக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. வளைந்த கொக்கி போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

மண்ணோடு பிடிக்கிற கண்ணிதான் பெரும்பாலும் ஏமாற்றுகிறது. இரும்பு முளையைக் காய்ந்த தரையில் அடிக்கும்போது சம்மட்டி துள்ளும். நல்ல பிடிப்பு என்று நினைப்போம். அதே தரை இரண்டு மணி நேர மழைக்குப் பிறகு களியாகிவிடும். காற்று அதிகமாக வேலை செய்யும் நேரமும் முளை கெட்டியாக நிற்காத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் முளையை மட்டும் நம்பாமல் எடையும் வைக்க வேண்டும். 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் என்றால் 200 கிலோ. சிமெண்ட் சாக்கில் மணல் என்றால் மூட்டைக்கு 50 கிலோ. நம் 220 கிலோவை ஒன்றரை மடங்கு பாதுகாப்போடு 330 ஆக்கினால் உள்வரிசைக் கால் ஒன்றுக்கு இரண்டு டிரம், அல்லது ஏழு மூட்டை. டிரம்மைக் காலுக்குப் பக்கத்தில் அலங்காரமாக நிறுத்தினால் பிரயோசனமில்லை. காலின் அடிப்பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். கால் எழும்ப நினைத்தால் டிரம்மும் கூட எழும்ப வேண்டும். இழுகயிறு கட்டும்போது 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கோணத்தில் 100 கிலோ கீழே இழுக்கக் கயிறு 141 கிலோ தாங்க வேண்டும். முளையின் தலை பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நனைந்து காய்ந்த கயிறு தளரும். மழை விட்ட மறுநாள் காலை ஒவ்வொரு கட்டையும் கையால் இழுத்துப் பார்ப்பது அப்பாவின் முதல் வேலை, டீக்கு முன்னால்.

பக்கவாட்டுச் சாய்வுக்குக் குறுக்கு வாட்டம், அதாவது எக்ஸ் வடிவத்தில் பைப். சதுரத்தைத் தள்ளினால் சாயும், முக்கோணத்தைத் தள்ளினால் சாயாது என்பது முதல் வருடப் பாடம். நான்கு முனையிலும் இரண்டு திசையிலும் வேண்டும், நீளமான பந்தலில் நடுவிலும் வேண்டும், கூரை மட்டத்திலும் வேண்டும். "ஆள் நடக்க இடைஞ்சலா இருக்கு" என்று வரவேற்பு வாசலில் இருக்கும் வாட்டத்தை விழா அன்று காலையில் கழற்றச் சொல்வார்கள். வாசலைப் பக்கத்துக் கட்டத்துக்கு மாற்றலாமே தவிர வாட்டத்தைக் கழற்றக் கூடாது.

மழையைப் பற்றி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர், ஒரு கிலோ. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். தார்ப்பாய் கொஞ்சம் தொங்கினால் தண்ணீர் அங்கே சேரும், சேர்ந்த எடையில் இன்னும் தொங்கும், இன்னும் சேரும். 10 அடிக்கு 10 அடிக் கட்டத்தில் சராசரியாக 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 930 கிலோ. இதைக் கீழே நின்று கம்பால் தூக்கிக் கொட்டுவது நாம் எல்லோரும் பார்த்த காட்சி. அப்போது பாரம் ஒரே பக்கம் பாய்கிறது. கம்பு பிடித்தவன் அதற்கு நேர் கீழே நிற்கிறான். 10 அடிக்கு 2 அடியாவது சரிவு கொடுத்து, தார்ப்பாய்க்கு அடியில் நெருக்கமாகக் குறுக்குக் கயிறு ஓட்டிவிட்டால் இந்த வேலையே வராது.

இனி மேலே ஏறுகிறவன் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதம், ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே கருத்தது. பாதித் தகரம் ஏறியிருந்தது. வேலையை எடுத்தவர் கீழே நின்று, "மழை வர்றதுக்குள்ள முடிச்சிருங்கப்பா" என்று அவசரப்படுத்தினார். அப்பா குழுவில் ஒரு அண்ணன், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், மேலே 14 அடி உயரத்தில் கையில் தகரத்தோடு நின்றிருந்தார். ஒரு சொட்டு மழை விழவில்லை. சில்லென்று ஒரு காற்று, கூடவே மண் வாசனை. அவ்வளவுதான். தகரம் பாய்மரம் மாதிரி அவரையும் இழுத்துக்கொண்டு போனது. இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. வேலையை எடுத்தவர் ஆஸ்பத்திரிச் செலவில் பாதி கொடுத்தார். அந்த அண்ணன் இப்போது ஏணி ஏறுவதில்லை. கீழே உட்கார்ந்து கயிறு சுற்றுகிறார், கூலியும் பாதி.

"மழை வர்றதுக்குள்ள" என்ற பேச்சே தப்பு என்பது பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெளிவானது. இடிமேகத்துக்குள் மழைத்துளிகள் விழும்போது குளிர்ந்த காற்றையும் சேர்த்துக் கீழே இழுத்து வருகின்றன. அந்தக் காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பரவுகிறது. மழை நம் தலைக்கு வருவதற்குப் பல நிமிடம் முன்பே அது வந்துவிடும். ஆக, ஆபத்து மழையோடு வருவதில்லை, மழைக்கு முன்னால் வருகிறது. மழைக்கு முன் முடிக்க ஓடுகிறவன் சரியாக அந்தக் காற்றின் வாய்க்குள் ஓடுகிறான்.

கையில் இருக்கும் தகரத்தின் கணக்கையும் பாருங்கள். 8 அடிக்கு 3 அடித் தகரம் 2.2 சதுர மீட்டர், எடை சுமார் 10 கிலோ. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதை நேராகப் பிடித்தால் குறைந்தது 13 கிலோ தள்ளும். அதன் எடையைவிட அதிகம். 72 கிலோமீட்டரில் 50 கிலோவுக்கு மேல். பைப்பில் கால் வைத்து நிற்பவனால் எப்படி முடியும்? வேகமானி இல்லாத இடத்தில் பியூஃபோர்ட் அளவு உதவும். சின்ன மரங்கள் முழுசாக ஆட ஆரம்பித்தால் 29 முதல் 38 கிலோமீட்டர். குடை பிடிக்கச் சிரமமென்றால் 39-க்கு மேல். என் கருத்தில் சின்ன மரம் ஆடத் தொடங்கியதுமே தகரம் ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். இடிச்சத்தம் கேட்டால் காற்றே இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும்; இரும்புச் சட்டகத்தின் உச்சியில் நிற்கிறோம். இப்போது செல்போனில் வானிலைத் துறையின் அடுத்த மூன்று மணி நேர எச்சரிக்கை வருகிறது. மின்னலுக்கு 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

வேலையின் வரிசையும் இதையொட்டித்தான். முதல் கட்டத்தை நான்கு கால், வாட்டம், எடை எல்லாம் போட்டுத் தானாக நிற்கிற பெட்டியாக்கிவிட்டு அதிலிருந்து நீட்ட வேண்டும். எடை கட்டாத காலுக்கு மேல் ஒரு தகரம்கூட ஏறக் கூடாது. காற்று போகும் பக்கத்தில் ஆரம்பித்து, காற்று வரும் பக்கம் நோக்கித் தகரம் போட்டு வந்தால் மேல் தகரத்தின் விளிம்பு காற்றுக்கு வாய் திறக்காது. அன்றைக்குப் போட முடிந்த அளவுக்கு மட்டும் தகரத்தை மேலே ஏற்றுவது. கட்டாத தகரத்தை மேலே அடுக்கிவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகக் கூடாது. சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை வாட்டம் போட்டு முடித்த பைப்பில்தான் மாட்ட வேண்டும். பக்கத் துணி கடைசியில். பிரிக்கும்போது எல்லாம் தலைகீழ்: துணி முதலில், எடை கடைசியில். பிரிக்கிற அன்று டிரம் தண்ணீரை முதலில் திறந்துவிட்டு "எடை குறையட்டும்" என்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கரண்டையும் மறக்கக் கூடாது. 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானில், அப்போது பார்மர் மாவட்டத்தில் இருந்த ஜசோல் என்ற ஊரில் கதா காலட்சேபம் நடந்துகொண்டிருந்த பந்தல் காற்றிலும் மழையிலும் சரிந்து 14 பேர் இறந்தார்கள். சரிந்தது மட்டும் அல்ல, மின்சாரமும் பாய்ந்தது. இரும்புப் பந்தல் முழுவதும் ஒரே கம்பி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பைப்பில் சுற்றிய ஒயர், தோல் உரிந்த ஒரு இடம், நனைந்த தரை, போதும். சட்டகத்துக்கு எர்த், லைனுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கர், காற்று கிளம்பியதும் ஸ்டேஜ் லைனை அணைக்கப் பெயர் சொல்லி ஒரு ஆள். இதெல்லாம் நம் மின்னியல் துறை நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நம் கல்லூரி ஆண்டு விழாவுக்கு மைதானத்தில் போடும் பந்தல் 60 அடிக்கு 30 அடி. 10 அடிக்கு ஒரு கால் என்றால் 28 கால். உள்வரிசையில் 10, ஓரத்தில் 18. மேடையின் பின்பக்கம் திரை கட்டி அடைப்பதால் அந்த வரிசைக்குக் கூடுதல் எடை வேண்டும். கால் வாரியாக எத்தனை டிரம், எத்தனை மூட்டை, எந்தத் திரையை யார் அவிழ்ப்பது என்று ஒரு தாளில் வரைந்து மாணவர் பேரவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். டிரம் வாடகைக்குப் பட்ஜெட்டில் இடமில்லை என்றார். மணல் மூட்டை போதும், நம் துறைக் கட்டட லேபுக்குப் பின்னால் மணல் கிடக்கிறது. சாக்கு மட்டும்தான் வேண்டும்.